சேம அச்சு

இமாச்சலப் பிரதேசத்தில், சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடும் இடத்தில் தாண்டி என்னும் சிற்றூர் உள்ளது. மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் மலைச்சாலை அதன் வழியாகப் போகிறது. அவ்வூர்ப் பெட்ரோல் நிலையத்தின் அருகே நின்ற அறிவிப்புப் பலகை ஒன்று பயணிகளிடையே பெரும்புகழ் பெற்றது. அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது என்பதே அதிலிருந்த செய்தி. அதைப் படித்தவுடன் வண்டியோட்டிகள் கலங்களை நிரப்பிக்கொள்வர். மிதிவண்டியில் வருவோருக்கு அந்தக் கவலை இல்லை. அவர்களுடைய கவலை வேறு. அவ்விடத்தைக் கடந்தபின் பாரலாச்சா, லாச்சுங், டங்லங் எனக் கணவாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றுள் டங்லங் கணவாயின் உயரம் 5,328 மீட்டர். வழியில் தேநீர்க் கூடாரங்கள் உண்டு. லாரிச் சக்கரத்துக்கு ஒட்டுப் போடுவோரும் ஆங்காங்கே இருப்பர். மலை மிதிவண்டிக்குரிய ஒரு சிறு கண்ணியையோ ஆரக்கம்பியையோ அங்கே எதிர்பார்க்க இயலாது. தேவைப்படுவது தன் பையில் இருந்தால் பயணம் தொடரும். இல்லையெனில் லாரிக்காகக் காத்திருக்க வேண்டும்.

இந்த நிலை புதியதன்று. தமிழகத்தின் கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டுக்கும் மலைநாட்டுக்கும் ஏற்றிச் சென்ற உமணர் என்னும் வணிகர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை அறிந்திருந்தனர். அவர்கள் தம் வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிச் செல்வர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் அதைக் குறிப்பிடுகிறார். எருதுகளோ இளையவை, பாரமோ மிகுதி, வழியோ பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுவது. எங்கே என்ன நேருமென்று யார் அறிவார் என்று எண்ணிய உமணர் கட்டிய அந்த அச்சுக்கு, அதியமானின் மகன் பொகுட்டெழினியை அவர் உவமையாக்கினார். ஓர் இளவரசனைப் புகழச் சிங்கமும் புலியும் இருக்க, வண்டிக்கடியில் கிடக்கும் ஒரு மரத்துண்டை ஒரு புலவர் தேர்ந்தெடுத்தார் என்றால், அம்மரத்துண்டின் அருமை அக்காலத்தவர்க்கு நன்கு தெரிந்திருக்க வேண்டும்.

உமணர் வண்டியில் எல்லாவற்றுக்கும் மாற்றுப் பொருள் இருந்ததாகப் பாடல் கூறவில்லை. அச்சு ஒன்றே சொல்லப்படுகிறது. கயிறு அறுந்தால் முடிச்சுப் போடலாம்; அச்சு முறிந்தால் முடிச்சுப் போட முடியாது. மலைப்பாதையில் மிதிவண்டி ஓட்டுவோர் எதைச் சுமப்பது, எதை விடுவது என்று எண்ணும்போதும் இந்தக் கணக்கே உதவுகிறது. எது எளிதில் பழுதாகும் என்பது ஒரு கேள்வி. எது பழுதானால் வண்டி நகரவே நகராது என்பது மற்றொன்று. எதைப் பிறரிடம் கடனாகப் பெற முடியாது என்பது மூன்றாவது. மூன்றாம் கேள்வியைப் பலர் கேட்பதில்லை.

முதலில் பழுதாவது சக்கரக் குழாய். ஊரிலுள்ள மிதிவண்டிப் பட்டறைகளில் அதை ட்யூப் என்றும், துளை விழுவதைப் பஞ்சர் என்றும் கூறுவர். முள்ளோ கம்பியோ குத்தினால் ஒரு துளை விழும். காற்றுக் குறைந்த சக்கரம் கல்லின் விளிம்பில் வேகமாக மோதினால், குழாய் கல்லுக்கும் வளையத்துக்கும் இடையே நசுங்கி, பாம்பு கடித்தாற்போல அருகருகே இரண்டு துளைகள் விழும். எனவே துளையைக் கண்டவுடன் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு துளைகள் எனில் குறை காற்றில் உள்ளது. ஒன்றே எனில், குத்திய முள் இன்னும் டயருக்குள் இருக்கலாம். அதைத் தேடி எடுக்காமல் புதிய குழாயை மாட்டினால் அதுவும் சிறிது தொலைவில் துளைபட்டுவிடும். விரலால் தடவித் தேடுவோர் மெல்லத் தடவுதல் நலம்; கண்ணாடித் துண்டாக இருந்தால் விரலுக்கும் ஒட்டுப் போட நேரும்.

ஆகவே, ஒரு மாற்றுக் குழாய், டயரை வளையத்திலிருந்து நெம்பி எடுக்கும் இரண்டு நெம்பிகள், ஒட்டுத் துண்டுகள், உப்புத்தாள், சொல்யூஷன் என்று பட்டறைகளில் வழங்கும் ரப்பர் பசை, கைப்பம்பு ஆகியவை எந்தப் பையிலும் முதலிடம் பெறுகின்றன. பம்பு குழாயின் வாய்க்குப் பொருந்த வேண்டும். நம் நாட்டுச் சாதாரண மிதிவண்டிகளில், உள்ளே வால்டியூப் என்னும் சிறு ரப்பர் உறை கொண்ட பழைய வகை வால்வு இருக்கும். மலை மிதிவண்டிகளிலோ கார்ச் சக்கரத்தில் உள்ளது போன்ற தடித்த ஷ்ரேடர் வால்வு அல்லது மெலிந்து நீண்ட பிரெஸ்டா வால்வு இருக்கும். ஷ்ரேடர் எனில் லாரிப் பட்டறையிலும் காற்றடித்துக்கொள்ளலாம். பிரெஸ்டா எனில் அதற்குப் பொருத்தும் பித்தளைக் குமிழ் ஒன்று வேண்டும். விரல்நுனி அளவே உள்ள அக்குமிழை வால்விலேயே திருகி வைத்திருப்போர் அறிவுடையோர்.

குழாயே இல்லாத டயர்களும் இக்காலத்தில் பரவிவிட்டன. உள்ளே ஊற்றப்பட்ட பால் போன்ற நீர்மம் சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும். பெரிய கிழிசலை அது அடைக்காது. ஆகையால் அவற்றை ஓட்டுவோரும் ஒரு குழாயைச் சுமக்கவே செய்கின்றனர்.

அடுத்தது சங்கிலி. செங்குத்தான ஏற்றத்தில், முழு விசையோடு மிதித்துக்கொண்டே கியரை மாற்றும்போதுதான் அது பெரும்பாலும் அறுகிறது. அறுந்த கண்ணியின் ஊசியைத் தள்ளி எடுக்கும் சிறு கருவியும், கையாலேயே கோத்துவிடக்கூடிய இணைப்புக் கண்ணி ஒன்றும் இருந்தால் பத்து நிமிடங்களில் பயணம் தொடரும். அக்கண்ணியின் எடை சில கிராம்தான். ஆனால் 9 கியர்ச் சங்கிலியின் கண்ணி 11 கியர்ச் சங்கிலிக்குப் பொருந்தாது. கியர்கள் கூடக் கூடச் சங்கிலி மெலிகிறது. தன் வண்டிக்குரியதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

கடனாகப் பெற முடியாத பொருளுக்குச் சிறந்த சான்று, பின்சக்கரத்தின் அருகே கியர் மாற்றியைத் தாங்கி நிற்கும் ஒரு சிறு அலுமினியத் தகடு. வண்டி சாய்ந்து விழுந்து கியர் மாற்றி பாறையில் மோதினால், விலையுயர்ந்த சட்டம் வளையாதிருக்கும் பொருட்டு அத்தகடு தான் முதலில் வளையும், அல்லது முறியும். அவ்வாறு முறிவதற்கென்றே அது செய்யப்பட்டுள்ளது. அதன் வடிவம் வண்டிக்கு வண்டி வேறுபடும். பத்துப் பேர் கூடிச் சென்றாலும் பத்துப் பேரிடமும் பத்து வடிவங்கள் இருக்கக்கூடும். ஒருவர் பம்பை இன்னொருவருக்குத் தரலாம். இத்தகட்டைத் தர இயலாது. அது இல்லாதபோது ஒரு வழி உண்டு: கியர் மாற்றியைக் கழற்றிவிட்டு, சங்கிலியை வெட்டிக் குறுக்கி, ஒரே பற்சக்கரத்தில் மாட்டி, கியரில்லா வண்டியாக ஓட்டி ஊர் சேரலாம். அதற்கும் கண்ணி கழற்றும் கருவி வேண்டும்.

சண்டிகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், பதினைந்து வயது மகளும் தந்தையும் நார்கண்டாவிலிருந்து ஜலோரிக் கணவாய்க்கு மிதிவண்டியில் செல்ல ஆயத்தமாயினர். நார்கண்டாவிலிருந்து சட்லெஜ் ஆற்றங்கரை வரை இறங்கி, ஆனி, கனாக் வழியாக மீண்டும் 3,120 மீட்டர் உயரத்துக்கு ஏறும் வழி அது. புறப்படுவதற்கு முன்னிரவு, தென்காசியில் ஒரு காலத்தில் வாடகை மிதிவண்டிக் கடை வைத்திருந்த தாத்தா, பையில் என்னென்ன இருக்கின்றன என்று தொலைபேசியில் கேட்டார். பேத்தி ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தாள்.

“ட்யூப் எத்தனை வைத்திருக்கிறாய், தாயி?”

“ஆளுக்கு ஒன்று, தாத்தா. ஒட்டுப் போடும் பெட்டியும் இருக்கிறது.”

“பெட்டி இருக்கிறது, சரி. ஒட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாயா?”

அவள் விடை சொல்லவில்லை. அன்றிரவு ஒன்பது மணிக்குக் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரோடு அமர்ந்து, பழைய குழாயில் தானே ஊசியால் துளையிட்டு, குமிழ் வரும் இடத்தைக் கண்டு, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவினாள். தடவியவுடன் ஒட்டியதால் முதல் ஒட்டுப் பிரிந்து வந்தது. பசை ஈரம் உலரும் வரை பொறுத்து ஒட்ட வேண்டும் என்பதைத் தாத்தா வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருந்தார். மூன்றாம் முறை ஒட்டு நின்றது.

மறுநாள் மாலை, கணவாயைக் கடந்து ஷோஜா நோக்கி இறங்கும் கரடுமுரடான சாலையில், இரண்டு இளைஞர்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தனர். ஒருவருடைய பின்டயரின் பக்கச்சுவரைக் கூரிய கல் ஒன்று விரல் நீளத்துக்குக் கிழித்திருந்தது. உள்ளிருந்த குழாயும் கிழிந்திருந்தது. அவர்களிடமிருந்த ஒரே மாற்றுக் குழாயைக் காலையிலேயே பயன்படுத்திவிட்டனர். தந்தையின் மாற்றுக் குழாயும் ஏற்றத்தில் செலவாகிவிட்டது. நால்வருக்கும் சேர்த்து மீதமிருந்தது மகளின் பையிலிருந்த ஒன்றுதான். தேவதாரு மரங்களுக்கிடையே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

தந்தை மகளைப் பார்த்தார். “உன்னுடையதும்மா அது. நீயே சொல்.”

அவள் சற்று நேரம் எண்ணினாள். “நம் சக்கரத்தில் முள் குத்தினால் நான் ஒட்டிவிடுவேன் அப்பா. இவர்களுடைய குழாயை ஒட்ட முடியாது, கிழிசல் பெரியது.”

அந்த இளைஞரின் சக்கரம் 29 அங்குலம். அவளுடைய குழாயோ 27.5 அங்குலச் சக்கரத்துக்கு உரியது. ரப்பர் இழுபடும் ஆதலால் அவசரத்துக்கு அது போதும். ஆனால் டயரின் கிழிசல் வழியே புதிய குழாய் பிதுங்கி வெடித்துவிடுமே! தந்தை தம் பையிலிருந்த பற்பசைக் குழாயின் அடிப்பகுதியைக் கத்தரித்து, கழுவி, அந்தத் தகட்டைக் கிழிசலின் உட்புறம் வைத்தார். பசையோ தையலோ தேவைப்படவில்லை. காற்றின் அழுத்தமே அதை அங்கே நிறுத்திவிட்டது. நால்வரும் மெல்ல இறங்கி இருட்டுவதற்குள் ஷோஜாவை அடைந்தனர். மகளின் சக்கரத்தில் அன்று முள் எதுவும் குத்தவில்லை. குத்தியிருந்தால் அவளுடைய கணக்குச் சரியா என்பது தெரிந்திருக்கும்.

பற்பசைக் குழாயைப் போலப் பல வேலைகளுக்குப் பயன்படும் எளிய பொருள்கள் பையில் இடம்பெறுதல் நன்று. பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள் நான்கைந்து, பம்பின் மீதே சுற்றி வைத்த துணிநாடா சில முழம், ஒரு பழந்துணி ஆகியவை எடையற்றவை என்றே சொல்லலாம். ஆலன் சாவிகளும் திருப்புளியும் ஒன்றாக மடங்கிய கருவி ஒன்று போதும். ஆனால் தன் வண்டியின் ஒவ்வொரு திருகுக்கும் அதில் பொருத்தமான சாவி இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும். கடையில் வாங்கிய கருவியில் இருபது சாவிகள் இருந்து, வேண்டிய ஒன்று மட்டும் இல்லாமற்போவது உண்டு.

ஆரக்கம்பியைத் தமிழகப் பட்டறைகளில் போக்ஸ் கம்பி என்பர். மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்காலே அதன் மூத்த உறவு. பின்சக்கரத்தில், பற்சக்கரங்கள் இருக்கும் பக்கத்து ஆரங்களே பெரும்பாலும் முறிகின்றன. அவற்றை மாற்றப் பற்சக்கரத் தொகுதியைக் கழற்ற வேண்டும். அதற்குரிய கருவி கனமானது. எனவே நெடும்பயணிகள், கொக்கியும் உறுதியான நூலிழையும் கொண்டு செய்யப்பட்ட தற்காலிக ஆரம் ஒன்றை வைத்திருப்பர். முறிந்த இடத்தில் அதைக் கட்டி இறுக்கி, அடுத்துள்ள ஆரங்களைச் சிறு சாவியால் சற்றே திருகி, சக்கரத்தின் கோட்டம் எடுத்தால் ஊர் வரை ஓடும். கோட்டம் எடுப்பது கைப்பழக்கம். கால் சுற்றுத் திருகிவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பொறுமையற்றவர் கையில் சிறு கோட்டம் பெருங்கோட்டமாகும்.

தடைக்கட்டைகளை ஏற்றத்தில் எவரும் நினைப்பதில்லை. டங்லங் கணவாயிலிருந்து சிந்து நதிக்கரையிலுள்ள உப்ஷிக்கு இறங்கும்போது உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர் குறைகிறது. அத்தனை இறக்கத்தையும் தாங்குவது கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிய இரண்டு இணைத் தகடுகள். மழையும் சேறும் சேர்ந்தால் அவை விரைவில் தேய்ந்துவிடும். மாற்றுத் தகடுகள் ஓர் இணையேனும் பையில் இருத்தல் வேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தடை எனில் மற்றோர் எச்சரிக்கை உண்டு: சக்கரத்தைக் கழற்றிய நிலையில் கைப்பிடியை அழுத்தினால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடையில் ஓர் அட்டைத் துண்டைச் செருகி வைத்தால் அத்துன்பம் நேராது.

மலை மிதிவண்டியின் வரலாற்றிலேயே தடைக்கு ஒரு சுவையான இடம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மாரின் வட்டாரத்து மலைச்சரிவு ஒன்றில் 1976ஆம் ஆண்டு முதல் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி முதலிய இளைஞர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளில் இறங்கிப் போட்டியிட்டனர். அவ்வண்டிகளின் தடை பின்சக்கரத்தின் குடத்துக்குள் இருந்தது. ஒருமுறை இறங்கினால் போதும். சூட்டில் உள்ளேயிருந்த மசகு புகையாகிப் போய்விடும். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பின்னும் குடத்தைப் பிரித்துப் புதிய மசகை அடைத்தாக வேண்டும். மீண்டும் அடைத்தல் என்னும் பொருளுடைய ‘ரீபேக்’ என்பதே அந்தப் பாதைக்குப் பெயராயிற்று. பின்னாளில் உலகெங்கும் பரவிய மலை மிதிவண்டி, இவ்வாறு கையில் கருவியோடு திரிந்தவர்களிடம் பிறந்தது.

அதற்கும் முன்னர், 1913ஆம் ஆண்டின் பிரான்ஸ் சுற்றுப் போட்டியில், யூஜின் கிறிஸ்டோஃப் என்னும் வீரரின் வண்டியில் முன்கவை டூர்மலே மலையில் முறிந்தது. பழுதைப் போட்டியாளரே பிறர் உதவியின்றிச் சரிசெய்ய வேண்டும் என்பது அக்கால விதி. அவர் வண்டியைச் சுமந்து பல கிலோமீட்டர் நடந்து, ஒரு சிற்றூரின் கொல்லன் உலையை அடைந்து, தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையை ஒட்டினார். மூன்று மணி நேரத்துக்கும் மேலாயிற்று. துருத்தியை ஊத ஒரு சிறுவன் துணைபுரிந்தான் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரமும் விதிக்கப்பட்டது. அந்த விதி கொடிது என்றே தோன்றுகிறது. ஆயினும் அவரைக் கரைசேர்த்தது பையிலிருந்த எந்தப் பொருளுமன்று; இரும்பைக் கையாளத் தெரிந்த கை.

அயர்லாந்தைச் சேர்ந்த டெர்வ்லா மர்ஃபி வேறொரு வழியைக் கண்டார். 1963ஆம் ஆண்டு ஐரோப்பாவிலிருந்து தில்லி வரை அவர் தனியாக மிதிவண்டியில் வந்தார். ஆசியச் சாலைகளில் கியர்கள் பழுதாகும் என்று கருதிப் புறப்படும் முன்பே அவற்றைக் கழற்றிவிட்டார். மாற்று டயர்களைச் சுமக்காமல், வழியிலுள்ள நகரங்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தார். இல்லாத உறுப்பு பழுதாவதில்லை. அதற்கு மாற்றும் வேண்டியதில்லை. ஆப்கானிய மலைகளைக் கியரில்லாத வண்டியில் ஏறியவருக்கு அதன் விலையும் தெரிந்தே இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் சுமந்தால் மலை ஏற இயலாது. ஒரு குழாயின் எடை ஏறத்தாழ 200 கிராம்; பம்பு, கருவி, கண்ணி, தகடு, கட்டுப்பட்டை அனைத்தும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். ஒருநாள் பயணத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. பலர் கூடிச் செல்லும்போது பம்பையும் கண்ணி கழற்றியையும் இருவர் சுமந்தால் போதும். தத்தம் வண்டிக்கே உரிய தகட்டையும் குழாயையும் மட்டும் அவரவர் வைத்துக்கொள்ள வேண்டும். கூர்மையான கருவிகளை முதுகுப் பையில் வைப்பது தகாது. விழும்போது அவை முதுகெலும்பில் குத்தும். சட்டத்தோடு கட்டிய சிறு பையே அவற்றுக்கு ஏற்ற இடம். மாற்றுக் குழாயை மட்டும் தனியே துணியில் சுற்றி வைத்தல் வேண்டும். திருப்புளியோடு சேர்ந்து பலநாள் குலுங்கிய குழாய், வெளியே எடுக்கும்போதே துளைபட்டிருக்கும்.

பயணம் முடிந்து வீடு திரும்பியதும், செலவான பொருளை அன்றே வாங்கிப் பையில் வைத்துவிடுவது நல்ல வழக்கம். அடுத்த பயணத்துக்கு முந்தைய இரவில் கடைகள் மூடியிருக்கும். பசைக்குழாயைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஒருமுறை திறந்த பசை சில மாதங்களில் உள்ளேயே உலர்ந்துவிடும்; வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா, வெறும் தகடாக மடங்குகிறதா என்று பார்த்து, பிறகே பையை மூட வேண்டும்.